மீன் தொட்டியில் அல்லி வளர்ப்பு

மீன் தொட்டியில் அல்லி வளர்ப்பு என்பது நிம்பேயா பேரினத்தையும் அதன் நெருங்கிய உறவினங்களையும் சேர்ந்த நீர்த்தாவரங்களை, வீட்டினுள் வைக்கப்படும் கண்ணாடித் தொட்டியில், பெரும்பாலும் மீன்களுடன் சேர்த்து வளர்க்கும் முறையாகும். குளங்களிலும் ஏரிகளிலும் அல்லி பூவுக்காகப் பேசப்படுகிறது. கண்ணாடித் தொட்டியிலோ அது நீருக்குள் விரியும் இலைகளுக்காகவே வளர்க்கப்படுகிறது. பூ கிடைத்தால் அது கூடுதல் வரவு.

அல்லி நீரில் மிதந்து வாழும் செடி அன்று. சேற்றில் வேரூன்றி, கிழங்கில் உணவைச் சேமித்து, இலையை மட்டும் நீர்மட்டத்துக்கு அனுப்பும் செடி. மழைக்காலத்தில் நிரம்பிக் கோடையில் வற்றும் நீர்நிலைகளே அதன் இயல்பான வாழிடம். தொட்டியில் அல்லி அழுகுதல், இலை சிறுத்தல், நீர்மட்டத்தை இலைகள் மூடிவிடுதல் ஆகிய சிக்கல்களுள் பெரும்பாலானவை இந்த இயல்பைக் கருத்தில் கொள்ளாமையால் ஏற்படுகின்றன.

பெயர்கள்

அல்லி, ஆம்பல், குமுதம், குவளை, நெய்தல், செங்கழுநீர், நீலோற்பலம் எனப் பல பெயர்கள் தமிழில் இத்தாவரங்களுக்கு வழங்குகின்றன. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் மலர்களின் வரிசையில் ஆம்பல், குவளை, நெய்தல் ஆகிய மூன்றும் தனித்தனியே இடம்பெறுகின்றன. எந்தப் பெயர் எந்தத் தாவரவியல் இனத்தைச் சுட்டுகிறது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இன்றைய பேச்சு வழக்கில் அல்லி என்பதே பொதுப்பெயர்.

தாமரை இக்குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. அது நெலும்போ என்னும் தனிப் பேரினம். தாமரை இலை வட்டமாக, பிளவின்றி, பெரும்பாலும் நீருக்கு மேலே உயர்ந்து நிற்கும். அல்லி இலையில் காம்பு சேரும் இடம்வரை ஒரு பிளவு இருக்கும். இலை நீர்மேல் படிந்திருக்கும். கடைகளில் 'டைகர் லோட்டஸ்' என விற்கப்படும் செடி பெயரில் தாமரையாயினும் உண்மையில் அல்லியே. விதைகளிலும் இதே குழப்பம் உண்டு. அல்லி விதை என்ற பெயரில் வருபவை பெரிதாக, கருத்து, கடினமான ஓட்டுடன் இருந்தால் அவை தாமரை விதைகளாகும். அல்லியின் விதைகள் கடுகினும் சிறியவை.

ஏரியில் அல்லி

கரியமாணிக்கம், நெட்டப்பாக்கம், பாகூர் முதலிய ஊர்களைக் கொண்ட புதுச்சேரியின் தென்பகுதி ஏரிப்பாசனத்தை நம்பிய வேளாண் பகுதியாகும். ஊசுட்டேரிக்கு அடுத்து புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரியான பாகூர் ஏரி இங்குள்ளது. தென்பெண்ணை ஆற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இவ்வேரிக்கு நீர் வருகிறது. புதுச்சேரியின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. எனவே இப்பகுதியின் ஏரி, குளம், தாங்கல் ஆகியவற்றில் நீர்மட்டம் ஆண்டுக்குள் பெரிதும் ஏறி இறங்குகிறது. கார்த்திகையில் ஆள் ஆழத்துக்கு நீர் நிற்கும் இடம் வைகாசியில் வெடித்த களிமண்ணாகக் கிடப்பதுண்டு.

இத்தகைய நீர்நிலைகளில் அல்லி ஆண்டுதோறும் ஒரு சுழற்சியைப் பின்பற்றுகிறது. மழை பெய்து மண் ஊறியதும் கிழங்கு முளைத்து, முதலில் மெல்லிய நீரடி இலைகளை விடும். நீர் ஏற ஏறக் காம்புகள் நீண்டு, இலைகள் மேற்பரப்பை அடையும். பிறகு பூத்துக் காய்க்கும். நீர் வற்றும்போது இலைகள் காய்ந்து மறைய, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிருடன் கிடக்கும். இவ்விரு செய்திகளையும் பழைய நூல்கள் நன்கு அறிந்திருந்தன. திருக்குறளின் 595ஆம் குறள், நீர்ப்பூவின் தண்டு நீரின் ஆழத்துக்கு ஏற்ப நீள்வதை ஊக்கத்துக்கு உவமையாக்குகிறது. ஔவையாரின் மூதுரையோ, நீர் வற்றியதும் குளத்தை விட்டுப் பறவைகள் நீங்கிவிட, கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அங்கேயே கிடப்பதை உறவுக்கு உவமையாக்குகிறது. இதில் வரும் கொட்டியும் இன்று மீன் தொட்டிகளில் வளர்க்கப்படும் அப்போனோசெட்டான் பேரினத் தாவரமே என்பது குறிப்பிடத்தக்கது.

தொட்டியில் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. ஆழமும் 30 முதல் 45 செ.மீ. மட்டுமே. அல்லியின் பார்வையில் அது முடிவே இல்லாத, ஆழமற்ற ஒரு மார்கழி மாத ஏரி. ஆகவே செடி விரைவில் நீர்மட்டத்தை எட்டிவிட முயல்கிறது.

இருவகை இலைகள்

அல்லியைப் பேணுவதில் முதலில் அறியவேண்டியது அதன் இலைகளின் வேறுபாடாகும். நீரடி இலை மெல்லியது, ஓரம் அலை அலையாக இருக்கும், காம்பு குட்டையானது. அது நீரில் கரைந்துள்ள கரியமில வாயுவையே பயன்படுத்துகிறது. மிதக்கும் இலை தடித்தது. மேற்பரப்பில் மெழுகுப் பூச்சும் இலைத்துளைகளும் கொண்டது. அது காற்றிலிருந்து நேரடியாகக் கரியமில வாயுவைப் பெறுகிறது. வளிகள் நீரில் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. எனவே மிதக்கும் இலை ஒன்றே பல நீரடி இலைகளின் வேலையைச் செய்துவிடும். செடி மேலே செல்ல விரும்புவதன் காரணம் இதுவே.

காம்புகளுக்குள் நீண்ட காற்றுக் குழல்கள் உள்ளன. 1980 இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் டேசி, அல்லிக் குடும்பத்தின் நூபார் என்னும் மஞ்சள் பூ இனத்தில், இளம் இலைகள் வழியே நுழையும் காற்று காம்பு வழியாகக் கிழங்குக்கு இறங்கி, முதிர்ந்த இலைகள் வழியே வெளியேறுவதைக் காட்டினார். வெயிலில் இளம் இலைகளுக்குள் ஏற்படும் சிறு அழுத்த மிகுதியே இதற்கு விசை. ஆக்சிசன் அற்ற சேற்றில் கிழங்கு அழுகாமல் இருப்பதற்கு இத்தகைய காற்றோட்டம் துணைசெய்கிறது.

தொட்டிக்கு ஏற்ற இனங்கள்

எல்லா அல்லியும் தொட்டிக்கு ஏற்றது அன்று. குளங்களில் வளர்க்கப்படும் பெரிய பூ அல்லிகளின் இலைகள் நீருக்கடியில் தங்குவதில்லை. நீரடி இலைகளை நீண்ட காலம் விட்டுக்கொண்டிருக்கும் சில இனங்களே தொட்டிக்கு உரியவை.

அவற்றுள் மிகுதியாக வளர்க்கப்படுவது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நிம்பேயா லோட்டசின் வகைகளாகும். சிவப்பு, பச்சை என இரு நிறங்களில் இலைகள் உண்டு; மேலே கரும்புள்ளிகள் இருப்பதால் புலியின் பெயர் சேர்ந்தது. நீரடி இலைகள் 10 முதல் 20 செ.மீ. வரை வளரும். இது இரவில் பூக்கும், பூ வெண்மையானது.

அடுத்தது நீல அல்லி எனப்படும் நிம்பேயா நௌசாலி. 1768 இல் நிக்கோலாசு பர்மன் இதற்குப் பெயரிட்டார். நிம்பேயா சிடெல்லேட்டா என்பது இதன் பழைய மறுபெயர். மீன் கடைகளில் இன்றும் பழைய பெயரே வழங்குகிறது. இது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இனம். பகலில் பூக்கும். தொட்டியில் இதன் இளஞ்செடி செம்பழுப்பு நிறத்தில், அம்புமுனை போன்ற இலைகளுடன் மிக அழகாக இருக்கும். 'குள்ள அல்லி' என்ற பெயரில் விற்கப்படுவதும் பெரும்பாலும் இதுவே. ஆனால் இதில் குள்ளம் எதுவும் இல்லை. சில மாதங்களில் காம்புகள் மேலே கிளம்பிவிடும்.

அந்தமான் தீவுகள், மியான்மர், தாய்லாந்து முதலிய இடங்களில் நிழலான ஓடைகளில் வளரும் பார்க்லாயா லாங்கிபோலியா, அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பேரினம். இது மிதக்கும் இலைகளை விடுவதில்லை. வாழ்நாள் முழுவதும் நீருக்கடியிலேயே இருக்கும். பூவும் நீருக்குள்ளேயே திறவாமல் தன்மகரந்தச் சேர்க்கை செய்து விதை தரக்கூடியது. தொட்டிக்கென்றே படைக்கப்பட்டது போன்ற செடி எனலாம். ஆயினும் நத்தைகள் இதனை விரும்பித் தின்கின்றன. இடம் மாற்றினால் இலைகள் கரைந்துவிடுகின்றன.

நம் ஊர்க் குளங்களில் காணப்படும் வெள்ளை அல்லியான நிம்பேயா பியூபெசென்சு, இலையின் கூரிய பற்களுடைய ஓரத்தாலும் அடிப்புற மென்மயிராலும் அடையாளம் காணப்படும். இதன் நாற்று அழகானது. வளர்ந்த செடி எந்த வீட்டுத் தொட்டிக்கும் பெரிது.

இனங்களை அடையாளம் காண்பதில் ஏற்படும் குழப்பம் கடைகளோடு நிற்பதில்லை. இலங்கை 1986 இல் நீல அல்லியைத் தேசிய மலராக ஏற்றது. அந்நாட்டில் பரவலாகக் காணப்படுவதும், தேசிய மலர் என்று படங்களில் காட்டப்பட்டதுமான ஊதாப்பூ அல்லி உள்நாட்டு நௌசாலி அன்று என்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் பின்னர் எடுத்துக்காட்டினர். உள்நாட்டு இனத்தின் பூ வெளிர் நீலமாகவோ வெண்மையாகவோ, குறைந்த இதழ்களுடன் எளிமையாக இருக்கும். இலை காம்போடு சேரும் இடத்தில் குட்டிச் செடி முளைப்பது மேற்கு ஆப்பிரிக்காவின் நிம்பேயா மைக்ராந்தாவுக்கும் அதன் கலப்பினங்களுக்கும் உரிய பண்பு. தமிழகத்தில் விற்கப்படும் ஊதா அல்லிகளை வாங்குவோரும் இந்த அடையாளத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

கிழங்கும் நடவும்

அல்லி பெரும்பாலும் கிழங்காகவே விற்பனைக்கு வருகிறது. வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் முளைவிட்ட செடிகளும் கிடைக்கின்றன. நல்ல கிழங்கு விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். மென்மையானதும் நாற்றமுடையதும் அழுகியவை.

கிழங்கை உடனே மண்ணில் புதைப்பது தவறான முறையாகும். முதலில் அதனை 25 முதல் 28 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில், சிறு கிண்ணத்திலோ தொட்டியின் மணற்பரப்பின் மேலோ விட்டுவைக்க வேண்டும். சில கிழங்குகள் முதல் சில நாட்கள் மிதக்கும். நீர் ஊறியதும் தாழும். ஓரிரு வாரங்களில் முளை தோன்றும். முளை வந்த பின்னரே எது மேற்பக்கம் என்பது தெளிவாகத் தெரியும். அதன்பின் கிழங்கின் கீழ்ப்பாதி மட்டும் மண்ணுள் இருக்குமாறும், முளை வெளியே தெரியுமாறும் நடவேண்டும். முளை மூடினால் கிழங்கு அழுகும்.

கிழங்கிலிருந்து மெல்லிய தண்டு ஒன்று கிளம்பி, அதன் நுனியில் இலைகளும் வேர்களும் கொண்ட குட்டிச் செடி உருவாகும். அதில் நான்கைந்து இலைகளும் தனி வேர்களும் வந்தபின் அதனைப் பிரித்துத் தனியே நடலாம். தாய்க்கிழங்கு மீண்டும் முளைக்கும். ஒரே கிழங்கிலிருந்து பல செடிகளைப் பெறும் எளிய வழி இது.

அடிமண்

அல்லி தன் ஊட்டத்தில் பெரும்பகுதியை வேர் வழியே பெறுகிறது. எனவே நீரில் கலக்கும் திரவ உரத்தைவிட அடிமண்ணே முதன்மையானது. வெறும் கூழாங்கல்லில் நட்ட செடி, கிழங்கின் சேமிப்பு தீரும்வரை செழித்துவிட்டுப் பிறகு மெலிந்துவிடும்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எளிதாகக் கிடைக்கும் நல்ல பொருள் உரமிடாத களிமண் அல்லது வண்டல் மண். 3 முதல் 4 செ.மீ. உயரம் மண்ணைப் பரப்பி, அதன்மேல் அதே அளவு நன்கு கழுவிய ஆற்று மணல் போடப்படுகிறது. மணல் மூடாக்கு மண் கலங்குவதைத் தடுக்கும். தொழுவுரம், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைத் தொட்டி மண்ணில் கலக்கக் கூடாது. திறந்தவெளித் தொட்டியில் இவை ஓரளவு பொருந்தலாம். மூடிய சிறு தொட்டியில் இவை மட்கும்போது அம்மோனியா பெருகி மீன்கள் இறக்கும். நெல்வயல் மண்ணாயின் அண்மையில் பூச்சிமருந்து தெளிக்கப்படாததாக இருத்தல் வேண்டும்.

தொட்டி முழுவதும் மண் பரப்புவதைவிட, 10 முதல் 15 செ.மீ. விட்டமுள்ள சிறு மண்சட்டியில் நட்டுத் தொட்டியினுள் வைப்பது மேலானது. அல்லியின் வேர்கள் சில மாதங்களில் தொட்டியின் அடிப்பரப்பு முழுவதும் பரவி, மற்றச் செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடுங்கினால் அடிமண் முழுவதும் மேலே வரும். சட்டி வேரின் பரவலைக் கட்டுப்படுத்துவதால் இலைகளின் அளவும் குறைகிறது. ஆண்டுக்கு ஒருமுறை சட்டியை வெளியே எடுத்து மண் மாற்றவும் முடியும். உரம் தேவைப்படின் இரும்பும் பொட்டாசியமும் கொண்ட உர மாத்திரையை வேர்ப்பகுதியில் புதைக்கலாம்.

நீரும் வெப்பமும்

22 முதல் 30 பாகை செல்சியசு வெப்பம் இச்செடிகளுக்கு ஏற்றது. தமிழ்நாட்டுக் கடலோரத்தில் தனியே சூடேற்றி தேவைப்படுவதில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் தொட்டி நீர் 32 பாகையைத் தாண்டலாம். அல்லி அதைத் தாங்கும். மீன்களே முதலில் தவிக்கும். சிறு மின்விசிறியால் நீர்ப்பரப்பின்மேல் காற்று வீசச்செய்தால் ஆவியாதல் மூலம் வெப்பம் இரண்டு மூன்று பாகை குறையும்.

பி.எச். அளவு 6 முதல் 7.5 வரை இருப்பது நன்று. கடலோரப் பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினத்தன்மையும் மிக்கதாக இருக்கக்கூடும். நௌசாலியும் லோட்டசும் ஓரளவு கடின நீரைப் பொறுத்துக்கொள்ளும், பார்க்லாயா பொறுக்காது. கிணற்று நீருடன் மழைநீரையோ வீட்டு ஆர்.ஓ. கருவியின் நீரையோ சம அளவில் கலப்பது எளிய தீர்வாகும். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உப்புச் செறிவு மிகுதி. அதனைப் பயன்படுத்தக் கூடாது. குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்த பின் ஊற்றலாம். வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுவது வழக்கம்.

ஒளியும் கரியமில வாயுவும்

நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் எல்.இ.டி. விளக்கொளி போதுமானது. சன்னல் வழியாக நேரடி வெயில் படுமாறு தொட்டியை வைத்தால் பாசி மிகும். ஒளி குறைந்தால் சிவப்பு இலைகள் பழுப்பாகும். காம்புகள் மெலிந்து நீளும். வலுவான ஒளியில் செடி குட்டையாகவும் அடர்த்தியாகவும் இருக்கும்.

கரியமில வாயு உருளை இருந்தால் வளர்ச்சி விரையும். ஆனால் அது இன்றியமையாதது அன்று. நிழலும் மென்மையான நீரும் விரும்பும் பார்க்லாயாவுக்கு அது நல்ல பயன் தரும். நீரில் இவ்வாயு போதாமை எவ்வளவு பெரிய தடை என்பதற்கு ருவாண்டாவின் நிம்பேயா தெர்மாரம் எடுத்துக்காட்டாகும். உலகிலேயே மிகச்சிறிய அல்லியான இதன் நாற்றுகள், இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவில் மற்ற அல்லிகளைப்போல நீருக்கடியில் வளர்க்கப்பட்டபோது பிழைக்கவில்லை. 2009 இல் கார்லோசு மக்தலேனா அவற்றை நீர்மட்டத்துக்குச் சமமாக, காற்றுப் படும்படி வைத்து வளர்த்த பின்னரே அவை தழைத்துப் பூத்தன. அது வெந்நீர் ஊற்றின் ஓரத்து ஈரச் சேற்றில் வளர்ந்த இனம் என்பதும், நாற்றுக்குக் காற்றிலுள்ள கரியமில வாயு தேவை என்பதுமே விடை. இயற்கையில் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட இவ்வினம் 2023 இல் ருவாண்டாவில் மீண்டும் கண்டறியப்பட்டது.

இலை கத்தரித்தல்

மிதக்கும் இலைகளை என்ன செய்வது என்பது வளர்ப்பவர் எடுக்கவேண்டிய முதன்மையான முடிவாகும். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட தொட்டியின் நீர்ப்பரப்பு 1,800 சதுர செ.மீ. 15 செ.மீ. விட்டமுள்ள ஓர் இலை ஏறத்தாழ 175 சதுர செ.மீ. பரப்பை மறைக்கும். பத்து இலைகள் இருந்தால் கீழே உள்ள எல்லாச் செடிகளும் இருளில் ஆழ்ந்துவிடும்.

நீரடி இலைகளை விரும்புவோர், மேலே செல்லும் காம்பை அது நீர்மட்டத்தை அடையும் முன்பே அடிப்பகுதியில் வெட்டிவிட வேண்டும். பாதியில் வெட்டினால் எஞ்சிய காம்பு அழுகி நீரைக் கெடுக்கும். இதனைத் தொடர்ந்து செய்துவந்தால் செடி நீரடி இலைகளையே விடும். ஒரே நாளில் எல்லா இலைகளையும் நீக்குவது கூடாது. அது உணவு ஆக்கத்தையும் கிழங்குக்குச் செல்லும் காற்றையும் ஒருசேர நிறுத்திவிடும். வாரம் ஒருமுறை இரண்டு மூன்று காம்புகள் என்ற அளவில் செய்வது நன்று. இரண்டு வாரம் ஊருக்குச் சென்று திரும்பினால் தொட்டி மூடியிருப்பதைக் காண்பது இயல்பானதே.

பூ வேண்டுவோர் நான்கைந்து மிதக்கும் இலைகளையாவது விட்டுவைக்க வேண்டும். அவை நீரிலுள்ள நைட்ரேட்டை விரைந்து உறிஞ்சுவதால் நீரின் தூய்மைக்கும் உதவுகின்றன.

உடன் வளர்க்கும் மீன்கள்

தங்கமீன், திலாப்பியா, பெரிய சிக்லிட் மீன்கள் ஆகியன மண்ணைத் தோண்டியும் இலையைக் கடித்தும் அல்லியை அழிக்கும். சிறு கெண்டைகள், ராசுபோரா, குராமி, சண்டை மீன் ஆகியவை ஏற்றவை.

இப்பகுதிக்கே உரிய ஒரு மீன் இங்குக் குறிப்பிடத்தக்கது. சூடோசுபுரோமீனசு குபானசு எனப்படும் சிறு மீன் 1831 இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானபோது, அது பிடிபட்ட இடமாகக் குறிக்கப்பட்டது புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆறு. 'குபானசு' என்பது அரியாங்குப்பம் என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. காற்றை நேரடியாகச் சுவாசிக்கவல்ல இம்மீன், மிதக்கும் இலைகளின் அடியில் நுரைக்கூடு கட்டி முட்டையிடுகிறது. நீல அல்லி, கொட்டி, இம்மீன் ஆகிய மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்தால் ஒரு தமிழ்நாட்டுக் குளத்தின் மூலையே வீட்டுக்குள் அமைந்துவிடும். வெளிநாட்டுச் செடிகளால் நிறைந்த தொட்டிகளைவிட இதில் கற்க நிறைய உண்டு.

திறந்த வெளியில் வைக்கப்படும் அல்லித் தொட்டிகளில் கொசுப்புழுக்களை உண்ணும் மீன்கள் கட்டாயம் இருக்கவேண்டும். தேங்கிய நன்னீர் டெங்கு பரப்பும் ஏடிசு கொசுவுக்கு இடமளிக்கும்.

சிக்கல்கள்

நட்ட சில நாட்களில் இலைகள் கரைவது இடமாற்றத்தால் நிகழ்வது. கிழங்கு கெட்டியாக இருந்தால் புதிய இலை வரும். புதிய இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற பகுதி மஞ்சளாகவும் இருப்பது இரும்புக் குறைபாட்டைக் காட்டும். முதிர்ந்த இலைகளில் சிறு துளைகள் தோன்றுவதற்குப் பொட்டாசியக் குறைவு காரணமாகலாம். ஆயினும் முதலில் நத்தையைத் தேடிப்பார்ப்பது நன்று. நத்தைகளைத் தடுக்க, செடியைத் தொட்டியில் இடும்முன் படிகாரம் கரைத்த நீரில் ஊறவைத்துக் கழுவும் வழக்கம் உள்ளது. செப்பு கலந்த மருந்துகள் இறால்களைக் கொன்றுவிடும்.

மண்ணிலிருந்து கருமை நிறமும் அழுகிய முட்டை நாற்றமும் தோன்றினால் ஐதரசன் சல்பைடு உருவாகியுள்ளது என்று பொருள். மெல்லிய குச்சியால் வாரம் ஒருமுறை மண்ணைக் குத்திவிடுவது இதனைத் தவிர்க்கும். மிதக்கும் இலைகளில் அசுவினி தோன்றினால் பூச்சிமருந்து தெளிக்காமல் இலையை நீரில் அமிழ்த்திக் கழுவினால் போதும். மீன்கள் அவற்றை உண்டுவிடும்.

ஓய்வுக்காலம்

நன்கு வளர்ந்துவந்த அல்லி காரணமின்றி இலைகளைச் சிறிதாக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக இழந்து மறைவதுண்டு. செடி செத்துவிட்டது எனக் கருதிப் பலர் கிழங்கை எறிந்துவிடுகின்றனர். இது பெரும்பாலும் ஏரி வற்றும் காலத்துக்கு உரிய ஓய்வு. அவ்வாறு நேரின் கிழங்கை எடுத்துக் கழுவி, ஈர மணல் நிரப்பிய மூடிய டப்பாவில் நிழலில் இரண்டு மாதங்கள் வைத்து மீண்டும் நீரில் இட்டால் முளைக்கும். தொட்டியிலேயே விட்டாலும் சில மாதங்களில் தானாக முளைப்பதுண்டு.

ஏரியிலிருந்து எடுத்தலும் ஏரியில் விடுதலும்

கோடையில் ஏரிப்படுகையைத் தோண்டிக் கிழங்கு சேகரிப்பது எளிது. ஆனால் அந்தக் கிழங்குகளே அடுத்த ஆண்டுக்கான அல்லிகள். ஒரு தொட்டிக்கு ஒரு கிழங்கு போதும். நீர் நிறைந்த காலத்தில் முற்றிய காயைப் பறித்து நீரில் இட்டுவைத்தால் அது வெடித்து நூற்றுக்கணக்கான விதைகளைத் தரும். ஏரிக்கு இழப்பும் பெரிதாக இராது. விதைகள் முதலில் மிதந்து பின்னர் அமிழும். அவற்றை உலரவிடாமல் ஆழமற்ற நீரில் மணற்பரப்பில் வைத்து முளைக்கவைக்கலாம்.

எதிர்த்திசையில் நிகழ்வது இதனினும் தீங்கானது. தொட்டியில் மிகுந்துபோன செடிகளை ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டுவதால் அயல் இனங்கள் பரவுகின்றன. தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக வந்த வெங்காயத் தாமரை இதற்கு அனைவரும் அறிந்த சான்று. 2020 இல் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் நீர்நிலை முழுவதும் இளஞ்சிவப்புப் பூக்களால் மூடியபோது மக்கள் கூட்டம் கூட்டமாகப் பார்க்கச் சென்றனர். அது மீன் தொட்டிகளில் வளர்க்கப்படும் கபோம்பா பர்கேட்டா என்னும் தென் அமெரிக்கச் செடி. அல்லிகளின் வரிசையிலேயே அடங்குவது. பார்க்க வந்தோர் அதனைப் பறித்துச் சென்றது மேலும் பரவ வழிவகுக்கும் எனத் தாவரவியலாளர்கள் எச்சரித்தனர். கபோம்பாவின் சிறு துண்டு ஒன்றே புதிய செடியாக வளரக்கூடியது.

ஆப்பிரிக்க அல்லிகளும் கலப்பினங்களும் ஏரிகளில் சேர்ந்தால் இடப்போட்டியுடன், உள்நாட்டு இனங்களோடு கலந்துவிடும் வாய்ப்பும் உண்டு. நீர்வழித் தொடர்புள்ள பாகூர்ப் பகுதி ஏரிகளைப் போன்றவற்றில், ஓர் ஏரியில் விட்ட செடி அடுத்த மழையில் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குச் சென்றுவிடும். கத்தரித்த இலைகளையும் வேண்டாத கிழங்குகளையும் கல்தரையில் பரப்பி, கிழங்குகளைத் துண்டுகளாக வெட்டி, வெயிலில் நன்கு காயவிட்ட பின்னரே எருக்குழியில் இடவேண்டும். முழுக் கிழங்கு ஈரமான எருக்குழியில் பல மாதங்கள் உயிரோடு கிடந்து, மழை வந்ததும் முளைக்கக்கூடியது.